பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தா

மதுரா தாண்டியாச்சா தம்பி? தாண்டியாச்சு. அப்பம் இன்னும் கொஞ்ச நேரந்தான். நீங்க படுங்க, எனக்குத்தான் தூக்கம் வரல. மேல படுத்திருக்கிறது உங்க வீட்டம்மாதான? கொஞ்ச முன்னால எந்திரிச்சு போர்வைய இழுத்து விட்டீங்க, பாத்தேன். நல்ல பழக்கம். ஆனா ரொம்ப வச்சுக்கிடாதீங்க. நாம ஒண்ணு செஞ்சா அவங்க ஒம்பது எதிர்பாப்பாங்க. அனுபவத்துல சொல்லுதேன்.

நான் நிஜாமுதீன்ல எறங்கணும். மக வீடு டெல்லியில, துவாரகாவுல. எங்க வீட்டம்மா அங்கதான் இருக்கா. கூட்டிட்டுப் போக வாரேன். திரும்பிப் போறதுக்கு ரெண்டு பேத்துக்கும் டிக்கெட் போட்டாச்சு. அவகிட்ட இன்னும் சொல்லல. போய்ச் சொல்லிக்கிடலாம். வரமாட்டேன்னா சொல்லிருவா?

டெல்லி புதுசான்னு கேட்டீங்கள்லா? எனக்கா? கோவில்பட்டியில எறங்கி ஆவுடையப்பன் டூர்ஸ்னு கேட்டுப் பாருங்க. காசி, கயா, அயோத்தி, ஹரித்துவார். ஒரு பஸ்ஸு நெறைய ஆளக் கூட்டிட்டுப் போயி, ஒரு ஆளு தொலையாமக் கொண்டாந்து விட்டவன் நான். கையில மஞ்சக் கொடி, வாயில விசிலு. விசில ஊதிட்டேன்னா குளிக்கிறவன் குளிச்ச ஈரத்தோட வந்து ஏறணும். ஏறுனதும் தலைய எண்ணுவேன். எண்ணி முடிக்காம டிரைவர் வண்டியத் தொடக்கூடாது. அம்புட்டுக் கண்டிசன். இன்னைக்கும் அந்த விசிலு பையில கெடக்கு, பாக்கேளா? வேண்டாம், ஊத மாட்டேன். எல்லாரும் தூங்குதாங்க.

அவளும் கூட வருவா. சமையலுக்கு. நம்ம ஆளுகளுக்கு வடக்க போனா ரொட்டி எறங்காது பாருங்க. அண்டா, அடுப்பு, அரிசி, புளி, எல்லாம் பஸ்ஸுக்கு மேல கட்டிருவோம். போற ஊருல ஒரு மண்டபத்தப் பிடிச்சு அவள எறக்கி விட்டுட்டு நாங்க கோயிலுக்குப் போவோம். திரும்பி வாரப்ப எலையில சோறு இருக்கும். எத்தன தடவ காசி பாத்திருக்கா தெரியுமா? எங்க தெருவுல அந்தக் குடுப்பினை எந்தப் பொம்பளைக்கும் கெடையாது. கோயிலுக்குள்ள போனாளான்னு கேக்கப்பிடாது. உலைய யாரு பாப்பா? ஆனா காசிக்கு வந்தது வந்ததுதான?

எண்ணுறப்ப அவள எண்ண மாட்டேன். நம்ம ஆளுக்கு என்ன எண்ணிக்கை? கடைசி சீட்டுல பாத்திரத்துக்குப் பக்கத்துல இருப்பா.

எங்க போனாலும் நான் முன்னால, அவ பின்னால. எங்க அப்பா அம்மாவும் அப்படித்தான் நடந்தாங்க, எங்க தெருவே அப்படித்தான் நடக்கும். ஜோடி போட்டு நடந்தா நாலு பேரு சிரிக்க மாட்டான்? அதுபோக அவ நடை ஒரு மாதிரி அசமந்தமான நடை. நம்ம வேகத்துக்கு ஆகாது. பத்தடி பின்னாலதான் வருவா. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒரு தடவகூட தப்புனது கெடையாது. திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டத்துல நடந்திருக்கேன். நான் நின்னேன்னா பின்னால வந்து நிப்பா. திரும்பிப் பாக்கணும்னு எனக்கு அவசியமே வந்ததில்ல.

சவத்த விடுன்னு விட்டுறலாம். விட முடியல. அதான் உங்ககிட்ட சொல்லுதேன்.

மாசி மாசம் ரெண்டு பேரும் மக வீட்டுக்கு வந்தோம். இந்துமதின்னு பேரு. ஒரே மக. மாப்பிள்ளைக்கு இங்கதான் வேலை. வந்து ரெண்டு நாளு வீட்டுக்குள்ளயே கெடந்தோம். மறுநாளு நான் சொன்னேன், குதுப் மினார் பாத்துட்டு வந்துருவோம்னு. மக சொன்னா, 'ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்கப்பா, நாங்களும் வாரோம். மெட்ரோவுல மாறி ஏறணும், கூட்டம் ஒரு மாதிரி இருக்கும்'னு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கும்பமேளாவுக்கு ஆளு கூட்டிட்டுப் போனவன்கிட்ட வந்து கூட்டம்ங்கா.

செம்பகம் கேட்டா, அதான் எங்க வீட்டம்மா பேரு, செண்பகவல்லி. 'ஏங்க, இண்டியா கேட்டு பக்கந்தானா? அங்கன புல்லுத்தரை இருக்காம்லா'ன்னு கேட்டா. புல்லப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம், பேசாம வான்னு சொல்லிட்டேன். போனக் கையில எடுத்தா. நான் இருக்கையில உனக்கெதுக்குப் போனுன்னு அதையும் வச்சுட்டு வரச் சொன்னேன். தொலச்சுருவாள்லா? மெட்ரோ கார்டு ரெண்டையும் என் சட்டப்பையில வச்சுக்கிட்டேன். எல்லாம் ஒரு பொறுப்புதான்.

ராஜீவ் சவுக்குன்னு ஒரு ஸ்டேசன். பூமிக்கு அடியில. அங்க எறங்கி, படியேறி, வேற ரயிலு மாறணும். தம்பி, அந்தக் கூட்டத்த என்னன்னு சொல்ல. எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடுதான். எவனும் எவனையும் பாக்கல. நான் போர்டப் பாத்து, அம்புக்குறியப் பாத்து, சரியா அந்த ரயிலுகிட்ட கொண்டுபோயிட்டேன். அதச் சொல்லணும். ஒரு எடம் தப்பல. கதவு தொறந்துச்சு. வான்னு சொல்லிட்டு ஏறிட்டேன். உள்ள போயி கம்பியப் பிடிச்சுக்கிட்டு அடுத்த ஸ்டேசன் பேரப் பாத்துக்கிட்டிருந்தேன். மேல லைட்டுல போட்டுக் காட்டுவான்.

ரெண்டு ஸ்டேசன் போயிருக்கும். ஒரு சீட்டு காலியாச்சு. இந்தா ஒக்காருன்னு சொன்னேன். யாரோ ஒரு சேட்டு வீட்டுப் பையன் வந்து ஒக்காந்துட்டான். என்னடா இதுன்னு திரும்புனா, அவ இல்ல.

பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தா, தம்பி. அதச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க. பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தா.

அடுத்த ஸ்டேசன்ல எறங்கி, எதுத்தாப்புல வந்த ரயில்ல ஏறி, அதே ஸ்டேசனுக்கு வந்தேன். அந்த எடத்துல நின்னு பாக்கேன், எந்த எடம்னே தெரியல. எல்லா எடமும் ஒண்ணு போல இருக்கு. கூப்பிட்டுப் பாக்கலாம்னா பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்ல. ஏட்டி, இந்தா, இப்படித்தான். அந்தக் கூட்டத்துல 'இந்தா'ன்னா யாரு திரும்புவா? சட்டுனு பைக்குள்ள கைய விட்டு விசில எடுத்து ஊதிட்டேன். பலம் கொண்ட மட்டும் ஊதுனேன். கூட்டம் அப்படியே நின்னுச்சு. அவ வரல. துப்பாக்கிய வச்சுக்கிட்டு ரெண்டு போலீஸ்காரன்தான் வந்தான்.

நல்ல மனுசங்க, சும்மா சொல்லப்பிடாது. என்னக் கூட்டிட்டுப் போயி ஒரு ரூம்ல ஒக்கார வச்சுத் தண்ணி குடுத்தாங்க. இந்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனா அன்னைக்கு வாய்க்குள்ள வரவே இல்ல. ஜல்தி ஜல்தின்னுதான் வருது. மகளுக்குப் போன் போட்டுக் குடுத்தேன். அவங்க இந்தியில கேக்க, அவ போன்லயே எனக்குத் தமிழ்ல சொல்லுதா. ஒரு போலீஸ்காரம்மா டிவிப்பெட்டி மாதிரி வரிசையா வச்சு ஸ்டேசன் பூராத்தையும் பாத்துக்கிட்டிருக்கா.

'அப்பா, அம்மா என்ன கலர் சேலை கட்டியிருக்கான்னு கேக்காங்க'ன்னு சொன்னா மக.

நான் சொன்னேன், சேலைதான் கட்டியிருந்தான்னு.

'சேலை சரிப்பா. என்ன கலரு?'

யோசிச்சுப் பாக்கேன். அவ வீட்டுக் கதவப் பூட்டிச் சாவிய என் கையில குடுத்தது ஞாபகம் இருக்கு. லிப்டுல நின்னது ஞாபகம் இருக்கு. பச்சையா, நீலமா, ஒண்ணும் வரல. நீங்களே சொல்லுங்க தம்பி, பொண்டாட்டி சேலை என்ன கலருன்னு பாத்துக்கிட்டா திரிய முடியும்? நமக்கு ஆயிரம் சோலி. அந்த அம்மா என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. மக போன்ல மெதுவாக் கேட்டா, 'நீங்க ரெண்டு பேரும் சேந்துதானப்பா கெளம்புனீங்க?'

சரி, போட்டோ இருந்தா காட்டச் சொல்லுதாங்கன்னு சொன்னா. அதுக்கென்ன, போன் பூரா போட்டோதான். காசியில எடுத்தது, கயாவுல எடுத்தது, பஸ்ஸுக்கு முன்னால பேனரோட எடுத்தது. தள்ளித் தள்ளிப் பாக்கேன். எல்லாரும் இருக்காங்க. வாத்தியாரு, வாத்தியார் சம்சாரம், மருந்துக்கடைக்காரரு, எல்லாரும். அவ இல்ல. ஒண்ணுல மட்டும் அண்டாவுக்குப் பின்னால ஒரு கை தெரியுது, கரண்டியோட. அதக் காட்டவா முடியும்?

அன்னைக்குப் பகல் பூரா அந்த ஸ்டேசன்தான். மாப்பிள்ளை வேலையப் போட்டுட்டு ஓடி வந்தாரு. மக ஒரு பக்கம் அழுதுக்கிட்டே தேடுதா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, பாஷை தெரியாது, கையில கார்டு இல்ல, போன் இல்ல. எந்த வண்டியில மாட்டிக்கிட்டாளோ, எவன் கூட்டிட்டுப் போனானோன்னு என் மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. அழுதேன் தம்பி. மாப்பிள்ளை முன்னாலயே அழுதேன். அம்மா செத்தன்னைக்குக்கூட நான் அப்படி அழல.

கடைசியில மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்துச்சு, கீழ் வீட்டுலருந்து. 'ஒங்க அத்தை படியில ஒக்காந்திருக்காங்க, வீடு பூட்டியிருக்கு'ன்னு.

போய்ப் பாத்தா, வெளக்குப் போடுற நேரம், வாசப்படியில ஒக்காந்து பச்சப் பட்டாணி உரிச்சுக்கிட்டிருக்கா. கீழ் வீட்டுல ஒரு சட்டி வாங்கி மடியில வச்சிருக்கா. மூஞ்சியில ஒரு பதட்டம் இல்ல.

எங்கட்டி போனன்னு கத்துனேன். தெருவே பாத்துச்சு.

'இண்டியா கேட்டு'ன்னு சொன்னா. 'புல்லுல கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தேன். முந்தியில முடிஞ்சிருந்த காசுல ஐஸ் சாப்ட்டேன். நல்லாருந்துச்சு.'

கேட்டீங்களா கதைய? இங்க நாங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கோம், அவ ஐஸ் சாப்பிட்டிருக்கா. கார்டு இல்லாம எப்படி வெளிய வந்தன்னு கேட்டேன். 'கேட்டேன், விட்டாங்க'ன்னு சொன்னா. என்ன பாஷையில கேட்டன்னேன். பதில் சொன்னது மக. 'அம்மாவுக்கு இந்தி தெரியும்ப்பா. ஒங்க டூர்ல காய்கறி யாரு வாங்குனா? காசி மார்க்கெட்டுல வெண்டைக்காய்க்கு யாரு பேரம் பேசுனா?' நான் என்னத்தக் கண்டேன்? சோறு எலைக்கு வரும், சாப்பிடுவோம். அது எங்கருந்து வருதுன்னு ஆராய்ச்சியா பண்ண முடியும்?

அதோட விட்டிருக்கணும். நான் விடல. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒக்காரையில மறுபடியும் கேட்டேன், நீ ஏம் ரயில்ல ஏறல, கூட்டத்துல தள்ளிவிட்டுட்டாங்களான்னு. தள்ளிவிட்டாங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். எனக்கு ரசம் ஊத்திக்கிட்டே சொல்லுதா:

'யாரும் தள்ளல. கதவு தொறந்துதான் கெடந்துச்சு. ஏறியிருக்கலாம். ஒரு தடவ திரும்பிப் பாக்கீங்களான்னு நின்னேன். கதவு மூடிக்கிடுச்சு.'

அவ்வளவுதான் சொன்னா. சத்தம் போடல, அழல. ரசம் போதுமான்னு கேட்டா. போதும்னேன்.

கொழுப்புதான இது? நீங்க சொல்லுங்க. வயசான காலத்துல புத்தி இப்படிப் போவுது. திரும்பிப் பாக்கலியாம். அவ வாரான்னு நம்பித்தான நான் திரும்பல? நம்பிக்கை இல்லாதவன்ல திரும்பித் திரும்பிப் பாப்பான். இத அவகிட்டச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. கேட்டுட்டுப் போயிப் பாத்திரத்தக் கழுவுனா.

ஊருக்குக் கெளம்புற அன்னைக்கு நான் பெட்டியெல்லாம் கட்டி வச்சுட்டு நிக்கேன். அவ பெட்டியக் காணல. 'நீங்க போய்ட்டு இருங்க. நான் கொஞ்சநாள் இருந்துட்டு வாரேன்'னு சொன்னா. மகளுக்கு ஒத்தாசைக்குன்னு நெனச்சேன். இப்பமும் அப்படித்தான் ஊருல சொல்லிக்கிட்டிருக்கேன். மாசி போச்சு, பங்குனி போச்சு, ஆடியும் போயி ஆவணி வந்துருச்சு.

ஆடியில டூர் போட்டேன். விடப்பிடாதுன்னு போட்டேன். சமையலுக்கு ஒரு ஆள வச்சுக்கிட்டேன், நல்லாத்தான் சமைச்சான். ஆனா ஒவ்வொரு தடவயும் பஸ்ஸுல தலைய எண்ணுனா கணக்குச் சரியா வருது, மனசுக்குச் சரியா வரல. ஒரு ஆளு கொறையுற மாதிரியே இருக்கு. மறுபடியும் எண்ணுவேன். டிரைவர் சிரிச்சுக்கிட்டே கேப்பான், என்ன மொதலாளி, யார விட்டுட்டோம்னு. ஒண்ணுமில்ல, எடுன்னு சொல்லிருவேன்.

வீட்டுல அதவிடக் கொடுமை. எது எங்கன இருக்குன்னு தெரியல. நான் கட்டுன வீடு தம்பி. சீரகம் எந்த டப்பாவுல, தீப்பெட்டி எந்தத் தட்டுல, ஒண்ணும் தெரியல. ஊரு தெரியாதவன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி அடுப்படியில நிக்கேன். போன் போட்டுக் கேப்பேன். சொல்லுவா. 'எடது கைப்பக்கம் ரெண்டாவது தட்டு, நீலமூடி'. எனக்கு வழி சொல்லுதா பாருங்க.

அவ இப்பம் டெல்லி பூரா சுத்துதா. அவளுக்குன்னு ஒரு மெட்ரோ கார்டு வாங்கிக் குடுத்திருக்காரு மாப்பிள்ளை. அந்த பில்டிங்ல இருக்கிற நம்மூருப் பொம்பளைகளையெல்லாம் சேத்துக்கிட்டு முருகன் கோயிலுக்குப் போறாளாம், மார்க்கெட்டுக்குப் போறாளாம். ரயில்ல ஏறுனதும் எல்லாரையும் எண்ணுவாளாம். கடைசியில தன்னையும் சேத்து எண்ணிக்கிடுவாளாம். மக சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. என் தொழில என்கிட்ட இருந்தே பிடிச்சுக்கிட்டு, அதுல எனக்கே பாடம் எடுக்கிற மாதிரியில்ல இருக்கு?

வாரேன்னு போன்ல சொன்னப்ப வேண்டாங்கல. வாங்கன்னுதான் சொன்னா. அப்புறம் கேக்கா, 'ஒத்தையில வந்துருவீங்களா?' என்னையப் பாத்து, ஆவுடையப்பனப் பாத்து. அதையும் பொறுத்துக்கிட்டேன். பெறகு சொன்னா, 'நிஜாமுதீன்ல எறங்கி அங்கனயே நில்லுங்க, நகராதீங்க. நானே வாரேன். பச்சைச் சேலை கட்டியிருப்பேன், செவப்பு பார்டரு'.

என்னத்துக்குத் தம்பி அத எங்கிட்ட சொல்லணும்? எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா? குத்திக் காட்டத்தான சொன்னா? வண்டி கெளம்புனதுல இருந்து இதே யோசனைதான். சில நேரம் குத்திக் காட்டுனா மாதிரி இருக்கு. சில நேரம், அன்னைக்கு மாதிரி நான் தவிச்சுறக் கூடாதுன்னு சொல்லியிருப்பாளோன்னும் இருக்கு. எதுன்னு எனக்குப் பிடிபடல. நீங்க கல்யாணமாகிக் கொஞ்ச வருசம்தான் ஆயிருக்கும், உங்ககிட்டக் கேட்டு என்ன ஆகப்போவுது.

பயமா இருக்கு தம்பி. சொல்லுறதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. அவ வரமாட்டேன்னு சொன்னா நான் என்ன செய்யட்டும்? அந்த வீட்டுல எப்படி இருக்க?

வேகம் கொறையுது பாருங்க. வந்துட்டோம். வீட்டம்மாவ எழுப்புங்க. பைய நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க அவங்களப் பாத்து எறக்குங்க. படி உசரம்.

யப்பா, என்ன கூட்டம். பச்சைச் சேலை, பச்சைச் சேலை... அந்தா ஒண்ணு நிக்கி. டீக்கடைகிட்ட இன்னொண்ணு. அங்க நடந்து போறதும் பச்சைதான. செவப்பு பார்டரு எதுல இருக்குன்னு உங்க கண்ணுக்குத் தெரியுதா தம்பி? மூணும் அந்தப் பக்கமா இருக்கு, முதுகுதான் தெரியுது. இதுல அவ எதுன்னு நான் எப்படிச் சொல்ல? நான் என்னைக்கு அவளுக்குப் பின்னால நடந்தேன்?

நடந்து போறது அவளா இருக்காது. அவ இவ்வளவு வேகமா நடக்க மாட்டா.

நின்னுட்டா. ரயில் பொட்டி நம்பரு பாக்கா. நீங்க போங்க தம்பி, உங்க வீட்டம்மா முன்னால போயிட்டாங்க பாருங்க, விட்டுறாதீங்க. நான் வரல. நான் இங்கனதான் நிக்கணும். நகரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.